கெட்டதை முதலில் நினைத்தவருக்கு

நங்கையா,

புது ஃப்ளெக்ஸ் பேனரின் நாற்றம் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. பெயிண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த, தலைவலி வரவழைக்கிற நாற்றம். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வருகிறது. மூடினால் நீங்கள்.

பேனரில் இருப்பது நீங்கள்தான். என் நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில், கதவு உயரத்துக்கு. வாய்விட்டுச் சிரிக்கிறீர்கள். பின்னால் ஏதோ ஒரு கடற்கரையின் சூரியோதயம். கீழே மஞ்சள் எழுத்தில்: ‘நம்பிக்கையே மருந்து. புன்னகையால் நோயை எதிர்கொண்டவர்.’ அதற்கும் கீழே உங்கள் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். மருந்து என்று ஒரு வரி. இறந்த வருடம் என்று இன்னொரு வரி. எழுதிக் கொடுத்தவருக்கும் உறுத்தவில்லை, அச்சடித்தவருக்கும் உறுத்தவில்லை.

மாட்ட வந்தவர் ஏணியில் நின்றபடியே கேட்டார், “இவங்க உங்களுக்கு யாருங்க?”

நங்கையா என்றேன். அவர் சென்னைப் பக்கம் போலிருக்கிறது. விழித்தார். அண்ணன் சம்சாரம் என்று திருத்திச் சொன்னேன். “சிரிச்ச மொகம்” என்றார்.

இந்த அறை உங்களுக்குத் தெரியாது. குன்னூர் கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறக்கட்டளை வாடகைக்கு எடுத்திருக்கிற மாடி. புற்றுநோய் வந்தவர்கள் சனிக்கிழமைகளில் இங்கே கூடிப் பேசுகிறார்கள். நான் ஆலோசகர். உளவியல் படித்தவளுக்கு இந்த மலையில் கிடைத்த வேலை. நீங்கள் போன பிறகு சேர்ந்தேன். உங்களால்தான் சேர்ந்தேன் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்கிறார். இருக்கலாம்.

படத்தைக் கொடுத்ததும் அண்ணன்தான். “இதுலதான் நல்லாச் சிரிச்சிருக்கா.”

அந்தச் சிரிப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் பெரியப்பா மகனின் கல்யாணம். முதல் நாளே மண்டபத்துக்காரரைப் பிடித்துக்கொண்டீர்கள். “கரண்டு போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?” ஜெனரேட்டர் இருக்கிறது என்றார். “ஜெனரேட்டர் ஓடலைன்னா?” அவர் முகம் சுளித்தார். “ஏனுங்க, நல்ல காரியத்துக்கு வந்துட்டு இப்படிக் கேக்கறீங்க?” வரவேற்பின் நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமியது, ஓடவில்லை. நீங்கள் கட்டைப்பையிலிருந்து இரண்டு சார்ஜ் விளக்குகளை எடுத்து மேடையில் வைத்தீர்கள். மண்டபத்துக்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தபோது, “நான் நேத்தே கேட்டனுங்களே” என்றீர்கள். அப்போது வந்த சிரிப்பு. யாரோ கைபேசியில் எடுத்த படம்.

நினைத்த கெட்டது நினைத்தபடியே நடந்துவிட்ட ஒருவரின் சிரிப்பு. அதை வெட்டியெடுத்து, சூரியோதயத்தில் ஒட்டி, நம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எரிச்சலாக இருக்கிறது. எழுத உட்கார்ந்ததே அதனால்தான். துக்கம் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். இது வெறும் எரிச்சல்.

*

நீங்கள் பள்ளி வேன் ஓட்டினீர்கள். பி.காம். முடித்து, கல்யாணமாகி மலையேறி வந்து, அண்ணன் கடையில் கொஞ்ச காலம் கணக்குப் பார்த்து, சலித்து, லைசென்ஸ் எடுத்தீர்கள். எஸ்டேட் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக் குன்னூர்ப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிடும் வேன். பாதை பாதி தார், பாதி கல். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. மறுபக்கம் மண்சுவர். கல்லூரி விடுமுறைகளில் முன் சீட்டில் நான்.

ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹார்ன். அடித்துவிட்டு, “வருது” என்பீர்கள். எதிரே லாரி வருகிறது என்று அர்த்தம். லாரி வருவதற்கு எந்த அடையாளமும் இருக்காது. பின்னாலிருந்து பிள்ளைகள் சேர்ந்து கத்துவார்கள்: “வருதூ!” வேன் மண்சுவரை ஒட்டிக்கொண்டு மெல்லத் திரும்பும். காலி ரோடு. மூடுபனி. ஓரமாகப் புல் மேய்கிற ஒரு காட்டுமாடு. “வரல!” என்று கைதட்டுவார்கள். அடுத்த வளைவு. “வருதூ!”

முதலில் சிரித்தேன். பிறகு கவனித்தேன். மற்ற வேன்களில் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டு போனார்கள். உங்கள் வேனில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்னக் கொண்டாட்டம். லாரி வராததற்கு. வராத லாரிக்காக யாராவது சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு முறை வந்தது. கொழுந்து மூட்டை ஏற்றிய லாரி, பிரேக் பிடிக்காமல். நீங்கள் ஏற்கெனவே சுவரோடு ஒட்டியிருந்தீர்கள். லாரி நம் வேனின் பக்கக் கண்ணாடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போய், கீழே தேயிலைச் செடிகளுக்குள் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. டிரைவர் நடுங்கிக்கொண்டே ஏறி வந்தார்.

“அக்கா, நான் வர்றது எப்படிங்கக்கா தெரிஞ்சுது?”

“எனக்கென்னங்க தெரியும். நீங்க தெனமும் வர்றீங்கன்னுதான் நெனைச்சுக்கறேன். இன்னிக்குத்தான் வந்திருக்கீங்க.”

பிள்ளைகள் அன்று பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை “வந்துருச்சு, வந்துருச்சு” என்று கத்திக்கொண்டே போனார்கள்.

அன்று சாயங்காலம் உங்களிடம் பாடம் எடுத்தேன். அப்போது பாடப்புத்தகம் எனக்குப் புதுச்சட்டை மாதிரி; எல்லோருக்கும் காட்டியாக வேண்டும். நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு மொத்தத்தில் உடம்பு நன்றாக இருக்கிறது, மனச்சோர்வு குறைவாக வருகிறது என்று படித்ததைச் சொன்னேன். அது பொய்யில்லை என்றும் சொன்னேன். ஆனால் இன்னொரு வகை உண்டு. கெட்டதை விவரமாகக் கற்பனை செய்து பார்த்தால்தான் சிலருக்குப் பதற்றம் அடங்கும். அவர்களைப் பிடித்து நல்லதை நினை என்று உட்கார வைத்தால் பதற்றம் ஏறிவிடும். அதற்குத் தற்காப்பு அவநம்பிக்கை என்று பெயர்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். “எனக்குப் பேரே வெச்சுட்டாங்களா? நோயா அம்மிணி இது?”

“நோயில்லைங்க. ஒரு வழி.”

“மருந்து குடுத்து மாத்திருவாங்களா?”

“மாத்தக் கூடாதுங்க.”

“இதை உங்கண்ணங்கிட்டச் சொல்லு. சத்தமாச் சொல்லு.”

*

அண்ணனுக்குக் குடைக்கடை. குடை, ரெயின்கோட், ஸ்வெட்டர்; சமவெளிக்கு இறங்குகிறவர்களுக்காக ஒரு மூலையில் கைவிசிறி. வருகிறவர்கள் கேட்பார்கள், “ஏனுங்க, இன்னிக்கு மழை வருமுங்களா?” அண்ணன் வானத்தைப் பார்க்காமலேயே சொல்வார், “வராதுங்க.” அவர்கள் குடை வாங்காமல் போவார்கள். நீங்கள் தலையில் கைவைத்துக்கொள்வீர்கள். “குடை விக்கறவரு வாயில வர்ற பேச்சாங்க இது?”

“வராதுன்னு தோணுது. தோணறதைச் சொல்றேன்.”

“நேத்தும் தோணுச்சு. நனைஞ்சுட்டுத்தான் ஊட்டுக்கு வந்தீங்க.”

உங்கள் இருவரையும் வைத்தே நான் ஒரு ஆய்வு எழுதியிருக்கலாம். நல்லதையே நினைக்கிற அண்ணனுக்கு வயிற்றெரிச்சல். தலைமாட்டில் எப்போதும் மாத்திரை. நினைத்தது நடக்காத ஒவ்வொரு முறையும் ஏமாந்து, குழந்தை மாதிரி முகம் தொங்கிப்போவார். நீங்கள் படுத்த உடனே குறட்டை. கேட்டதற்குச் சொன்னீர்கள்: “நம்பறவங்க நம்பட்டும். எனக்குச் சேராது. சிலருக்குக் கத்திரிக்காய் சேராதில்ல, அது மாதிரி.”

நான் படித்த எந்த அத்தியாயத்திலும் கத்திரிக்காய் இல்லை. இருந்திருக்கலாம்.

*

கட்டி தட்டுப்பட்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்றார் அண்ணன். “கேன்சர்னே வெச்சுக்குவோம். இல்லைன்னா லாபம்தான?” என்றீர்கள். சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் பாராட்டினார். ஆபரேஷன். மருந்து. முடி போய், முடி வந்தது. கோயமுத்தூருக்குப் போகும்போதெல்லாம் பின் சீட்டில் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டே டாக்சிக்காரரிடம் சொல்வீர்கள், “ஹார்ன் அடிங்க.” அவரும் சளைக்கவில்லை. “ஸ்டியரிங் வேணாத் தரட்டுமாக்கா?” “குடுங்க. வாந்தியை நீங்க எடுங்க.”

பிறகு வேறு இடத்தில் வந்தது.

இதை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். கெட்டதை நினைத்ததால் உங்களுக்கு நோய் வரவில்லை. கெட்டதை நினைத்து முந்திக்கொண்டதால் நோய் விட்டுப் போகவும் இல்லை. எந்தக் கட்சிக்கும் உங்கள் சாவு உதவாது. பேனரில் இதைப் போடச் சொன்னால் போடுவார்களா?

அந்தக் கடைசி மாதங்களை நினைத்தால்தான் என் எரிச்சல் கோபமாகிறது. பழப்பையோடு சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஆரஞ்சு, ஆப்பிள், அறிவுரை. “தைரியமா இரு கண்ணு.” “பாசிட்டிவா இருந்தாலே பாதி நோய் ஓடிருமாம்.” நீங்கள் வாயைத் திறந்து, “ஒருவேளை நான்…” என்றதும் ஆளாளுக்குக் கையை ஆட்டினார்கள். “அந்தப் பேச்சே வேண்டாம்.” அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார். கெட்டதை நினைத்து நினைத்தே நிம்மதியாக வாழ்ந்தவரிடமிருந்து, மிகப் பெரிய கெட்டது வந்தபோது, அந்த ஒரு பழக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். நோயைப் பார்த்துக்கொள்வதோடு, பார்க்க வந்தவர்களின் முகம் வாடாமலும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் முறையாக உங்களுக்குத் தூக்கம் கெட்டது.

அப்போதுதான், “வேனை எடு அம்மிணி, ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்” என்று ஆரம்பித்தீர்கள். நான் ஓட்டுவேன். எஸ்டேட் ஃபேக்டரிக்கு மேலே, பாதை அகலமாகிற இடத்தில் நிறுத்துவேன். தேயிலை காய்கிற வாசம் கீழிருந்து ஏறி வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு, வேலை பேசுகிற மாதிரி பேசுவீர்கள்.

“சரி. நான் செத்துட்டேன். மொதல்ல என்ன நடக்கும்?”

“அழுவோம்.”

“அழுவீங்க. அதைய விடு. அடுத்தது?”

“அண்ணன் கடையைத் திறக்க மாட்டாரு.”

“தெறப்பாரு. மழை வராதுன்னு சொல்றதுக்காச்சும் தெறப்பாரு.” இருவரும் சிரித்தோம். “வேனுக்கு ஒரு டிரைவரைப் பாத்து வெச்சிருக்கேன். நல்ல பயந்தாங்கொள்ளி. அவரையே போடச் சொல்லு. அப்பறம், உங்கண்ணனுக்கு ரெண்டாங் கல்யாணம் பண்றதா இருந்தா…”

“நங்கையா!”

“கேளு. எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கன்னு சொல்றவளா மட்டும் பாத்துராத. ரெண்டு பேரும் மழை வராதுன்னு ஒக்காந்திருந்தா, கொடியில கெடக்கற துணியை யாரு எடுக்கறது?”

திரும்பும் வழியில் தூங்கிவிட்டீர்கள். வாய் திறந்து, கண்ணாடியில் தலை சாய்த்து. வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு எழுப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போனதும் வீடு முழுக்க ஒரே பேச்சு. கடைசி வரைக்கும் நம்பிக்கையோடு இருந்தாள். நான் அண்ணனிடம் கேட்டேன், அவங்களா, நம்பிக்கையோடயா? அண்ணன் திகைத்துப் பார்த்தார். “பின்னே? அவ ஒரு நாள் அழுது பாத்திருக்கியா?”

இதுதான் சிக்கல். அழாதவர் நம்புகிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அமைதி வருவதற்கு வேறு வழியே கிடையாது என்பதுபோல.

*

போன சனிக்கிழமை பேனர் திறப்பு. கூட்டத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். எல்லோருக்கும் அவர் சார். நல்ல மனிதர். நடக்க முடியாதவர்களைத் தன் காரிலேயே கூட்டிவருகிறார். ரிப்பன் வெட்டிய பின் எல்லோரையும் கண்மூடச் சொன்னார். என் உடம்பு குணமாகிவிட்டது என்று சொல்லச் சொன்னார். எதை நினைக்கிறோமோ அதுவே நடக்கும் என்றார். அடுத்து, நம்பிக்கையின் சக்தி பற்றி நான் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். பொய் எதுவும் சொல்லவில்லை. உண்மையும் அதிகம் சொல்லவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு கோகிலா மட்டும் நின்றாள். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். என்னைவிடக் கொஞ்சம் சிறியவள். போன வருடம் சிகிச்சை முடித்தவள்.

“மேடம், ஒண்ணு கேக்கவா? திட்டக் கூடாது.”

“கேளுங்க.”

“எனக்கு நல்ல நெனப்பே வர மாட்டேங்குது. கண்ண மூடுனா கெட்டதுதான் தெரியுது. அதனாலதான் திரும்ப வந்துருச்சா?”

“திரும்ப வந்திருக்குன்னு யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. இடுப்பு வலி விடல. கோயமுத்தூர்ல ஸ்கேன் எடுத்துட்டு வான்னாங்க. நான் போகல.” துப்பட்டா நுனியை முறுக்கினாள். “போனா, இருக்குதுன்னு நானே நம்புன மாதிரி ஆயிருமே. நெனைக்கறதுதான் நடக்கும்னு சார் எப்பவும் சொல்வாருல்ல. வீட்ல கூடச் சொல்லல. அவருக்குத் தெரிஞ்சா அவரும் நெனைப்பாரு.”

பேனரை நிமிர்ந்து பார்த்தாள். “இந்தக்கா மாதிரி எனக்குச் சிரிக்க வரல மேடம். சார் சிரிக்கச் சொன்னாருன்னு நானும் வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துட்டேன்.”

நங்கையா, அந்த நிமிடம் அந்தப் பேனரைக் கிழித்திருப்பேன். மூலையில் சார் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வலியோடு மலைச்சரிவில் நின்று கொழுந்து கிள்ளுகிற ஒருத்தி, வலியைப் பற்றி நினைப்பது குற்றம் என்று நம்பிக்கொண்டு, வாராவாரம் பஸ் ஏறி வந்து இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அவளுக்குக் கல்யாண மண்டபத்தின் கதையைச் சொன்னேன். ஜெனரேட்டர், கட்டைப்பை, “நான் நேத்தே கேட்டனுங்களே.” முதலில் முழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்ப இந்தக்கா பாசிட்டிவ் இல்லியா?”

“இல்ல.”

“அப்பறம் எப்பிடி மேடம் தெம்பா இருந்தாங்க?”

“கெட்டதை நெனைக்க ஆரம்பிச்சா முடிக்கற வரைக்கும் நெனைப்பாங்க. பாதியில நிறுத்த மாட்டாங்க.”

“நான் பாதியிலயே நிறுத்திர்றேன். பயந்துக்கிட்டு.”

“சரி. இருக்குன்னே வெச்சுக்குவோம். என்ன ஆகும்?”

என் படிப்பு முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் நின்று கையைப் பிசைந்தது. ஒருவரின் பயத்தை இப்படித் திறந்துவிட்டு, மூடத் தெரியாமல் போனால்? கோகிலாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். முடி கொட்டும் என்றாள். கொட்டும் என்றேன். எஸ்டேட்டில் லீவு கேட்க வேண்டும். சூப்பர்வைசர் மூஞ்சியைக் காட்டுவார். காட்டட்டும். பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கிளப்புவது? கூடலூர்ப் பக்கம் ஸ்ரீமதுரையில் தங்கை இருக்கிறாள், வாழைத்தோட்டத்து வேலை, சொன்னால் வந்து இருப்பாள். அவருக்குச் சோறாக்கத் தெரியாது.

“கத்துக்குவாரு.”

“நீங்க அவரப் பாத்ததில்ல மேடம். சுடுதண்ணியவே தீய வச்சுருவாரு.”

இருவரும் சிரித்தோம். அது அடங்கியதும் கேட்டாள், “செத்துட்டா? பாப்பா என்னய மறந்துருவாளா?”

நான் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கென்று வாக்கியங்கள் இருக்கின்றன. மனப்பாடமாகத் தெரியும்.

“கொஞ்சம் மறப்பா” என்றேன்.

தலையாட்டினாள். பிறகு அழுதாள், நன்றாக, மூக்கு ஒழுக. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “திங்கக்கிழமை போயிரலாமா? கூட வர்றீங்களா?” என்றாள்.

அவள் இறங்கிப் போனதும் சார் வந்தார். அவர் முகம் வாடியிருந்தது. “அந்தப் பொண்ண ஏம்மா அழ வெச்சீங்க? நம்பிக்கை குடுக்கற எடம்மா இது.”

“அவங்க ஸ்கேன் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டாங்க சார். இவ்வளவு நாளாப் போகாம இருந்தாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா! அதுதாம்மா நம்பிக்கை.”

என்ன செய்வது இவர்களை? எதைச் செய்தாலும் அதற்கு அந்தப் பெயர்தான். எதிர்த்துப் பேச வாயெடுத்தேன். நீங்க சொன்னதாலதான் அவங்க போகலை என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. அதற்குள் அவர், கடைசி நாற்காலியை அடுக்கியபடி, என்னைப் பார்க்காமலேயே சொன்னார். “என் சம்சாரத்துக்கும் கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தம்மா. சரியாயிரும் சரியாயிரும்னு. அவ ஏதோ சொல்ல வருவா. நான் விடவே மாட்டேன்.”

பெருமையாகச் சொன்னாரா, வேறு விதமாகவா என்று குரலில் தெரியவில்லை. நான் விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமை சொல்வேன். கெட்டதை நினைப்பதால் நோய் வராது என்ற ஒரு வாக்கியத்தையாவது எல்லோர் முன்னாலும், அவர் முன்னாலும். சண்டை வரும். வேலை போகலாம். யோசித்துப் பார்த்துவிட்டேன். போனால் கூடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் தேடுகிறார்கள்.

*

திங்கட்கிழமை கோகிலா பஸ் ஸ்டாண்டுக்குப் பெரிய பையோடு வந்தாள். கணவனும் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாளாம். தூங்காத முகம் அவனுக்கு. பையைப் பார்த்து நொந்துகொண்டிருந்தான். “ஒரு ஸ்கேனுக்கு எதுக்கு மேடம் இம்புட்டு மூட்ட? தட்டு, டம்ளரு, போர்வ. குடித்தனம் பண்ணப் போறாப்புல.”

“படுக்கச் சொல்லிட்டா? ஒங்க தலையிலயா படுக்கறது?” என்றாள் அவள்.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும் என்று அவன் எங்களோடு பஸ் ஏறவில்லை. பஸ் பர்லியார் வழியாக மலையிறங்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். நான் அண்ணனின் தங்கைதான் நங்கையா. எனக்கு அதுதான் தானாக வருகிறது. படித்தும் மாறவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். வெறும் வயிற்றோடு போனாள். நான் வெளியே, அவள் பையோடு. எதிரே சுவரில் இங்கேயும் ஒரு சூரியோதயம். கண்ணை மூடினேன். நல்லதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டே இருந்தால் உட்கார்ந்தே இருப்பேன் என்று தோன்றியது. எழுந்து விசாரணை மேசைக்குப் போனேன்.

“ஏனுங்க, பொம்பளைங்க வார்டு எந்தப் பக்கமுங்க? கூட ஒரு ஆள் தங்கலாமுங்களா?”

மேசையில் இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். “ஸ்கேனுக்குத்தானம்மா வந்திருக்கீங்க. ரிசல்ட்டே வெள்ளிக்கிழமைதான் வரும்.”

“தெரியுமுங்க. படுக்கணும்னு சொல்லிட்டா எங்க போகணும்னு கேக்கறேன்.”

“நல்லதையே நெனைங்கம்மா.”

“நெனைக்கறேனுங்க. எந்தப் பக்கம்?”

கையை நீட்டிக் காட்டினார். போய்ப் பார்த்தேன். சுடுதண்ணீர் எங்கே பிடிப்பது, துணியை எங்கே காயப்போடுவது, கூட இருப்பவர்கள் எங்கே படுப்பது என்று அங்கிருந்த ஒரு அம்மாளிடம் கேட்டேன். அவர் எந்த ஊர் என்று கேட்டார். குன்னூர் என்றேன். “குளுரு ஊர்க்காரங்க, இங்க வேர்த்து ஊத்தும். விசிறி கொண்டாந்துருங்க” என்றார்.

திரும்பி வந்தபோது கோகிலா தலைமுடியை முடிந்துகொண்டு நின்றிருந்தாள். எங்கே போனீர்கள் என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும், விசிறி உட்பட. தவறாக எடுத்துக்கொள்வாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அவள் பாதை கேட்பவள்போலக் கவனமாகக் கேட்டாள்.

“ஜன்னல் இருக்கா?”

“ரெண்டு மூணு கட்டிலுக்கு இருக்கு.”

“அப்பச் சரி.” பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “பசிக்குதுக்கா. வாங்க, ஏதாச்சும் சாப்புடலாம்.”

நான்கு இட்லி சாப்பிட்டாள். என்னுடையதில் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள்.

இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. உங்களைப் போல அமைதியாக இருக்கவும் எனக்கு வராது. காலையிலிருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் இருக்காது என்றுதான் இப்போதும் மனம் சொல்கிறது. அது சொல்லட்டும். அண்ணன் கடையில் ஒரு நல்ல விசிறியாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். படுக்க வேண்டி வந்தால் ஜன்னல் கட்டில் கிடைக்காமலும் போகலாம் என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு விசிறிகளை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார்.